55 வயதில் பாய்மரப் படகில் குடியேறலாமா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். வயது 55 ஆகிறது, சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது, பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூர் போய்விட்டார்கள். 36 அடிப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கி, பினாங்குக்கும் லங்காவிக்கும் நடுவே கரையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு, கணவன் மனைவி இருவரும் படகிலேயே வாழ முடியுமா? காற்று எப்படி இருக்கும், பாய் கட்டிப் பழக எவ்வளவு நாளாகும் என்றும் கேட்கிறார். அண்ணிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம் என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

முடியும். நானும் என் வீட்டுக்காரரும் வருடத்தின் பெரும்பகுதி இதே கடலில் படகில்தான் இருக்கிறோம். ஆனால் அண்ணே, நீங்கள் பாயைப் பற்றியே கேட்கிறீர்கள். இந்தக் கடலில் உங்கள் நிம்மதி நங்கூரத்தில்தான் இருக்கிறது. கரையோரமாகச் சுற்றும் படகு வாரத்தில் ஓடுவது சில மணி நேரம். மீதி நேரம் முழுக்க ஒரு சங்கிலியின் முனையில் நிற்கும். நீங்கள் தூங்குவது, சமைப்பது, பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசுவது, சண்டை போடுவது எல்லாமே அந்தச் சங்கிலியை நம்பித்தான். பாய் கட்ட ஆறு மாதத்தில் சுமாராகப் பழகிவிடலாம். நங்கூரம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்குத்தான் நாளாகும். கடைசி வரியில் சொன்ன அண்ணியின் பயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் காற்று. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. திரங்கானு, கிளந்தான் பக்கம் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில், தீபகற்பம் நடுவே குறுக்கே நிற்பதால் நம் பக்கம் வானம் வெளுத்து, கரையிலிருந்து கடலை நோக்கிச் சீராகக் காற்று வீசும். கரைக்குப் பக்கத்தில் ஓடினால் அலை எழும்ப இடமே இருக்காது. பினாங்கு லங்காவி ஓட்டத்துக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு. அந்தப் பக்கம் சுமத்ரா மறைத்துக்கொள்வதால் பல நாள் இலைகூட அசையாது. மலாக்கா நீரிணையில் ஒன்று காற்று இருக்காது, இருந்தால் மூக்குக்கு நேரே வரும் என்று படகுக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை பாதி, உண்மை பாதி. அதனால் விலைக்கு வந்திருக்கும் படகில் பாய் புதிதா பழசா என்று பார்ப்பதற்கு முன்னால் டீசல் இஞ்சினைப் பாருங்கள். குளிர்ந்த இஞ்சின் ஒரே தட்டில் கிளம்புகிறதா, புகை என்ன நிறம், கடல் தண்ணீரை இழுத்துப் பின்னால் துப்புகிறதா என்று பாருங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள்.

அப்புறம், நம் ஊருக்கென்றே ஒரு காற்று இருக்கிறது. பெயரே சுமத்ரா. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ராவிலும் நீரிணையிலும் இரவில் இடிமேகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நீண்ட வரிசையாகக் கிழக்கே நகர்ந்து வரும். நம் கரையைத் தொடும்போது பெரும்பாலும் விடியற்காலை. மேற்கே சத்தமில்லாமல் மின்னல் வெட்டும். காற்று அடியோடு நின்று புழுங்கும். திடீரென்று முகத்தில் சில்லென்று ஒரு வீச்சு படும். அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். 40 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), சில சமயம் அதற்கும் மேலே வீசும். மழை படுக்கைவாட்டில் அடிக்கும், பக்கத்துப் படகே கண்ணுக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். நடுக்கடலில் பாயைச் சுருட்டிக்கொண்டு இதைச் சமாளித்துவிடலாம். மேற்கே திறந்த ஒரு குடாவில், கரையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குட்டையான சங்கிலியில் நின்றுகொண்டிருந்தால்தான் ஆபத்து. படகு இழந்தவர்கள் கதையைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

சங்கிலிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். அது கடல் வற்றியிருக்கும் நேரம். பினாங்கில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 2 மீட்டர் வித்தியாசம் வரும். ஆக நள்ளிரவில் 6 மீட்டர். படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதையும் சேர்த்தால் 7. அதை ஐந்தால் பெருக்கினால் 35 மீட்டர் சங்கிலி. மேற்கே மின்னினால் ஏழால் பெருக்குங்கள், 49. சாயங்காலம் தெரியும் 4 மீட்டரை மட்டும் பார்த்து 20 மீட்டர் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களை இங்கே பார்க்கிறேன். ஏற்றம் வந்ததும் அவர்களுடைய சங்கிலி நிமிர்ந்து நின்று நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். நங்கூரம் பிடிப்பதே கிடைமட்டமாக இழுபடும்போதுதான்.

இங்கே அடித்தளம் சேறு. சாம்பல் நிறத்தில், களிம்பு மாதிரி இருக்கும். நன்றாகப் புதைந்துவிட்டால் அதைப் போலப் பிடிக்கும் தரை வேறு இல்லை, ஆனால் அவசரப்பட்டால் நங்கூரம் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு வரும். போட்டதும் உடனே பின்னுக்கு இழுக்காதீர்கள். சங்கிலியை மெதுவாக விட்டு, படகு தானாகப் பின்னுக்குப் போகட்டும். கால் மணி நேரம் விட்டுவிடுங்கள், தேநீர் போட்டுக் குடியுங்கள். அப்புறம் இஞ்சினைப் பின்கியரில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுங்கள். அந்த நேரம் ஒருவர் கையைச் சங்கிலி மேல் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நங்கூரம் இழுபட்டால் சங்கிலியில் தடதடவென்று ஓர் அதிர்வு கைக்குத் தெரியும். பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அமைதியாக நிற்கும். கூடவே கரையில் இரண்டு பொருளை ஒரே நேர்கோட்டில் பார்த்து வையுங்கள், முன்னால் ஒரு விளக்குக் கம்பம், பின்னால் அடுக்குமாடியின் ஓரம் என்று. அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நீங்கள் நகர்கிறீர்கள். கைப்பேசியில் நங்கூர அலாரம் வைக்கலாம், நாங்களும் வைக்கிறோம். ஆனால் இரவு எழுந்து பார்க்கும்போது என் கண் முதலில் அந்த விளக்குக் கம்பத்தைத்தான் தேடும்.

இப்போது அண்ணி விஷயம். பல படகுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஐயா கம்பீரமாகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அம்மா முன்னால் போய் 20 கிலோ நங்கூரத்தோடு மல்லுக்கட்டுவார். பின்னாலிருந்து ஐயா கத்துவார், இஞ்சின் சத்தத்தில் முன்னால் ஒன்றும் கேட்காது, அம்மா திரும்பிக் கத்துவார். மற்ற படகுக்காரர்களுக்குச் சாயங்காலப் பொழுதுபோக்கே இதுதான். யோசித்துப் பாருங்கள், உடல் பலம் தேவைப்படுவது முன்னால். பின்னால் தேவை நிதானம். எங்கள் படகில் நங்கூரம் போடும்போது இஞ்சினும் சுக்கானும் என்னிடம். வீட்டுக்காரர் முன்னால் நின்று கையால்தான் சொல்வார். விரல் நீட்டினால் அந்தத் திசை, உள்ளங்கை தரையைப் பார்த்தால் நியூட்ரல், மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. ஒரு வார்த்தை பேச மாட்டோம். பேச வேண்டியதைப் போடுவதற்கு முன்பே பேசி முடித்திருப்போம்.

அண்ணியின் பயம் நீந்தக் கற்றால் கொஞ்சம் குறையும், சுக்கானைப் பிடித்தால் பெரும்பகுதி போய்விடும் என்பது என் எண்ணம். பயணியாக உட்கார்ந்திருப்பவருக்குப் படகு சாய்கிற ஒவ்வொரு முறையும் அது ஏதோ நடக்கப்போகிற மாதிரி இருக்கும். அதே ஆள் கையில் சுக்கான் இருந்தால், ஏன் சாய்கிறது என்று கைக்கே தெரியும். நீச்சல் கட்டாயம் பழக வேண்டும், உயிர்காப்பு உடுப்பு மேல்தளத்தில் கழற்றவே கூடாது, அதெல்லாம் சரி. ஆனால் இன்னொன்றை யோசியுங்கள். தண்ணீரில் விழப்போவது நீங்களாகவும் இருக்கலாம். விழுந்தால் படகில் மிச்சம் இருப்பது அண்ணி ஒருவர்தான். இஞ்சினைக் கிளப்பவும், படகைத் திருப்பவும், ரேடியோவில் 16ஆம் அலைவரிசையைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லவும், 80 கிலோ ஆளை ஏணி வழியாக மேலே ஏற்றவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் படகை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இடங்களுக்கு வருவோம். பினாங்கில் மரினா எனும் படகுத் துறைகளில் இடமும் ஆழமும் குறைவு, சேறு படிந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான படகுகள் நங்கூரம் போடுவது ஜெரெஜாக் தீவுக்கும் குயின்ஸ்பே கரைக்கும் நடுவே. மேற்கே பினாங்குத் தீவு, கிழக்கே ஜெரெஜாக், இரண்டும் மறைப்பு. பேரங்காடி கூப்பிடு தூரத்தில், ஆஸ்பத்திரியும் தொலைவில்லை. 55 வயதுக்கு மேல் இதுவும் பெரிய விஷயம்தான். ஜெரெஜாக்கைப் பார்த்தபடி காபி குடிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். ஒருகாலத்தில் அது தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த தீவு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் ஆட்களையும் நோய் இருக்கிறதா என்று அங்கேதான் தடுத்து வைத்துப் பார்த்தார்கள். 1969இலிருந்து 1993 வரை சிறைச்சாலை. தோட்டத்துக்குப் போகக் காத்துக்கிடந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது அதன் ஓரத்தில் சொந்தப் படகை நிறுத்தப் போகிறார்கள். போகட்டும்.

அந்தக் கால்வாயில் நீரோட்டம் வலுவானது, சில நேரம் 2, 3 நாட் இருக்கும். உங்கள் படகு 5 நாட்டில் ஓடும். எதிரே போனால் பாலத்தூண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றும். ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து நீரோட்டத்தோடு கிளம்புங்கள். 1985இல் திறந்த முதல் பாலம், 2014இல் திறந்த இரண்டாவது பாலம், இரண்டின் கீழேயும் 36 அடிப் படகின் பாய்மரம் தாராளமாகப் போகும். கப்பல் போக விட்டிருக்கும் நடு இடைவெளி வழியாக மட்டும் போங்கள். காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும்போது நங்கூரத்தில் நிற்கும் படகுகள் ஆளுக்கொரு திசையில் திரும்பி நிற்கும். பகலில் தள்ளி இருந்த அடுத்த படகு நடுராத்திரியில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். அதனால் இடம் விட்டுப் போடுங்கள்.

வடகிழக்குக் காலத்தில் தீவின் வடமேற்கு மூலை அருமை. குரங்குக் கடற்கரை என்று சொல்லும் தெலுக் டுயோங், அதற்கு மேலே 1883இல் கட்டிய முக்கா முனைக் கலங்கரை விளக்கம், பின்னால் தேசியப் பூங்காவின் காடு. மாசி மகத்தன்று தெலுக் பஹாங் பக்கம் இருந்தால், சிங்கமுகக் காளியம்மனின் மிதக்கும் தேர் கடலில் போவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். தேர் போகும் பாதையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். இந்தப் பக்கம் நீந்துவதற்கு முன்னால் யோசியுங்கள், பெட்டி ஜெல்லி மீன் இருக்கிறது. கை கால் முழுக்க மூடிய உடுப்பு இல்லாமல் நாங்கள் இறங்குவதில்லை.

முக்கா முனையிலிருந்து லங்காவியின் குவா 55 கடல் மைல் அளவில் இருக்கும். 5 நாட் வேகத்துக்கு 11 மணி நேரம். நம் ஊரில் பகல் 12 மணி நேரம்தான், ஆக ஒரே மூச்சில் போவதென்றால் விடியும்போதே கிளம்பியாக வேண்டும். நான் சொல்வது, பாயார் தீவில் ஓர் இரவு தங்கிப் போங்கள். அது கடல் பூங்கா, பவளத்தின் மேல் நங்கூரம் போடக்கூடாது, அங்கே இருக்கும் மிதவையில்தான் கட்ட வேண்டும். நீரிணையில் வற்றம் வடமேற்கே ஓடும், லங்காவி போகும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வலது பக்கம் வெகுநேரத்துக்கு ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர், சதுப்புநிலக் கரையில் தனியாக எழுந்து நிற்பதால் கடலில் வெகுதூரத்துக்குத் தெரியும். கடாரத்துக்கு வந்த நம் பழைய கப்பல்காரர்களும் இதைப் பார்த்துத்தான் திசை பிடித்திருப்பார்கள். ஜிபிஎஸ் செத்துப்போன நாளில் உங்களுக்கும் அதே மலைதான்.

இரவில் ஓடாதீர்கள். கள்ளனுக்குப் பயந்து சொல்லவில்லை, வலைக்குப் பயந்துதான். மூங்கில் கழியில் கறுப்புத் துணி கட்டிய மிதவைகள் பகலிலேயே கண்ணுக்குத் தட்டுப்படாது, இரவில் வலை, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டால் யாராவது தண்ணீரில் இறங்கி அறுக்க வேண்டும். விசிறி என்றதும் இன்னொன்று. ஜெரெஜாக்கில் சில வாரம் சும்மா நின்றாலே அதில் சிப்பி ஒட்டிக்கொள்ளும், இஞ்சின் முக்கும், படகு நகராது. கிளம்புவதற்கு முதல் நாள் இறங்கிச் சுரண்டுவது வழக்கம். அந்தத் தண்ணீரில் கை நீட்டினால் விரல் தெரியாது, எல்லாம் தடவித் தடவித்தான்.

சமையலைப் பற்றி அண்ணி கேட்பார். பிரஷர் குக்கர் இருந்தால் போதும். மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடினாலும் சாம்பார் தரையில் ஓடாது, கேஸும் தண்ணீரும் மிச்சம். புளிக்காய்ச்சல் ஒரு போத்தல் காய்ச்சி வைத்தால் அலை அதிகமான நாளில் சோறு மட்டும் வடித்தால் போதும். முழுத் தேங்காய், பரங்கிக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் குளிர்பெட்டி இல்லாமலே நாள்படும். இட்லி மாவு மட்டும் நம் பேச்சைக் கேட்காது. மூடிய படகின் சூட்டில் காலையில் அரைத்தது சாயங்காலமே பொங்கி வழியும், அதனால் நாங்கள் கொஞ்சமாக அரைத்து அன்றைக்கே முடித்துவிடுகிறோம். கருவாடு வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்கப்போவதில்லை, வறுத்துப் பாருங்கள், தலையணை உறைவரைக்கும் அந்த வாசனை ஒரு வாரம் இருக்கும். கேஸ் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுங்கள், அடுப்புக் குமிழை மட்டும் திருப்பிவிட்டு நகராதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்குப் போகும் என்று படகுக்காரர்கள் போடும் கணக்கு ஏறக்குறைய சரி. படகைத் தரையில் தூக்கி அடியைச் சுரண்டி மருந்துப் பெயிண்ட் அடிப்பது, பாட்டரி, பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகள் என்று மாறி மாறி வரும். சேமநிதிப் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால் இரண்டாம் வருடமே படகை விற்பதற்கு ஆள் தேடுவீர்கள். வாங்குவதற்கு முன்னால் தண்ணீருக்கு வெளியே தூக்கிவைத்து, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பரிசோதகரை விட்டுப் பாருங்கள். காகிதத்தையும் பாருங்கள். லங்காவி 1987இலிருந்து வரிவிலக்குத் தீவு. வரி கட்டாமல் அங்கே வாங்கிய படகை இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் சுங்க இலாகா வரியைக் கேட்கும். பதிவு விஷயத்துக்கு ஜபாத்தான் லாவுட் எனும் கடல்துறை அலுவலகத்துக்கு நேரில் போய்விடுவது நல்லது.

36 அடி இரண்டு பேருக்குச் சரியான அளவு, அதற்கு மேல் வேண்டாம். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் என்ற பகுதி தண்ணீருக்குள் 1.8 மீட்டருக்கு மேல் இறங்கினால் நம் சேற்றுக் கரைகளில் பாதி இடத்துக்குப் போக முடியாது. நங்கூரமும் சங்கிலியும் படகோடு வருவதே போதும் என்று விற்பவர் சொல்வார். கேட்டுக்கொண்டு, சங்கிலியை முழுவதுமாக வெளியே இழுத்து அளந்து பாருங்கள். 50 மீட்டருக்குக் குறைந்தால் அதை வைத்து விலையைக் குறையுங்கள்.

இன்னும் பணம் கொடுக்கவில்லை அல்லவா? அப்படியானால் லங்காவியில் வாடகைக்கு ஒரு படகு எடுங்கள், ஓட்டக் கற்றுத்தரும் ஆளோடு, ஒரு வாரத்துக்கு. எல்லோரும் ஜனவரியில் போகச் சொல்வார்கள். ஜனவரியில் எந்தப் படகும் நல்ல படகுதான். செப்டம்பரில் போங்கள், மழையும் புழுக்கமும் விடியற்காலைச் சுமத்ராவும் இருக்கும்போது. ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு இடத்தில் நங்கூரம் போடுங்கள், முதல் மூன்று நாளும் சுக்கான் அண்ணி கையில் இருக்கட்டும், நீங்கள் முன்னால் நின்று கையசையுங்கள். ஏழாம் நாள் காலையில் படகை வாங்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.